மூச்சைக் கற்பித்த பாடகி

வெண்ணந்தூர்ப் பக்கம் பங்குப் பணியாற்றிய எந்தக் குருவுக்கும் இது பழகிய செய்திதான். விசைத்தறி ஓடும் வீட்டுக்கு நலம் விசாரிக்கச் சென்றால், வீட்டுக்காரர் தறியை நிறுத்தும்வரை நாமும் உரக்கக் கத்தியே பேச வேண்டும். நிறுத்திய பின்னரும் சிறிது நேரம் இருவரும் கத்திக்கொண்டே இருப்போம். பிறகு நாணிச் சிரித்துக் குரலைத் தாழ்த்துவோம். இரைச்சலின் நடுவே மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான் என்பதை 1911ஆம் ஆண்டில் எத்தியேன் லொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் எழுதி வெளியிட்டார். இன்றும் மருத்துவ நூல்களில் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

தறிச்சத்தத்தில் வளரும் பிள்ளைகளின் குரல் கணீரென்று எழும். ஆலயத்தில் பதிலுரைப் பாடல் பாட அவர்கள் எழுந்து நின்றால் ஒலிபெருக்கி வேண்டியதில்லை. அந்தக் குரல்களைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். பங்கின் பெருமையாக அயற்பங்குக் குருக்களிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆயினும் அவற்றுள் ஒரு குரலுக்கு நான் கடன்பட்டவன். அதை இக்கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்தக் கடனை எனக்கு உணர்த்திய ஒரு பாடகியின் வாழ்வையும், அவருடைய குரல் வகைக்குத் திருச்சபையில் நேர்ந்த வரலாற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பாடகியின் பெயர் பட்ரீஷியா ரொசாரியோ. 1960இல் பம்பாயில் பிறந்தவர்.

அவர் பாடுவது மேற்கத்தியச் செவ்விசை. அதில் பெண்குரலின் மிக உயர்ந்த வகைக்கு 'சொப்ரானோ' என்று பெயர். நம் இசை மரபோடு ஒப்பிட்டுச் சொன்னால் விளங்கும். கருநாடக இசை பாடும் பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுகின்றனர். ஐந்தரைக் கட்டையில் ஒரு பெண் மத்திய ஸ்தாயி சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு மேலேறினால் தார ஸ்தாயிச் சட்ஜம் வரும். அதற்கும் மேல் இன்னொரு சட்ஜம். அதையும் கடந்து அந்தர காந்தாரத்தைத் தொட்டால், சொப்ரானோ பாடகியரின் புகழ்பெற்ற 'மேல் சி' என்னும் சுரம் கிட்டும். அப்போது குரல்வளையில் உள்ள இரு சிறிய குரல்நாண்கள் ஒரு நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிகின்றன. பெரிய வாத்தியக் குழுவொன்று பின்னால் முழங்க, ஒலிவாங்கியின் துணையின்றி, அரங்கின் கடைசி வரிசைக்கும் அந்தச் சுரம் சென்று சேர வேண்டும்.

ஒலிவாங்கி இல்லாமலா என்று வியக்க வேண்டாம். நம் கொங்கு நாட்டுக் கொடுமுடியில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், ஒலிவாங்கி பரவாத காலத்து நாடக மேடைகளில் பாடி வளர்ந்தவர். 1953இல் வந்த 'ஔவையார்' படத்தில் கேட்பது அப்படிப் பழுத்த குரலே. அவர் பாடிய முறை வேறு, சொப்ரானோவின் முறை வேறு. ஆனால் நெஞ்சுக்கூட்டில் காற்றை அடக்கி ஆளத் தெரியாமல் இரண்டுமே நடவா.

இனி வரலாற்றுக்கு வருவோம். இதில் நமக்குப் பெருமை தராத பகுதி ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டுச் சொல்வது முறையன்று.

கொரிந்தியர்க்குத் திருத்தூதர் பவுல் எழுதிய முதல் திருமுகத்தின் பதினான்காம் அதிகாரத்தில், சபையில் பெண்கள் பேசாதிருக்க வேண்டும் என்ற பொருளில் ஓர் அறிவுரை வருகிறது. அதே திருமுகத்தின் பதினோராம் அதிகாரம் பெண்கள் சபையில் இறைவேண்டல் செய்வதையும் இறைவாக்குரைப்பதையும் இயல்பாக ஏற்றுப் பேசுவதால், அந்த அறிவுரையை எப்படிப் பொருள்கொள்வது என்று விவிலிய அறிஞர் இன்றுவரை ஆய்கின்றனர். ஆனால் பாடற்குழுவைப் பொறுத்தவரை, பிற்காலத் திருச்சபை அதைச் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்தது. பல குரலிசை வளர்ந்த காலத்தில் உயர்ந்த குரல்கள் தேவைப்பட்டன. பெண்கள் பாடக் கூடாது. எனவே சிறுவர்கள் பாடினர். சிறுவனின் குரலோ பதின்மூன்று, பதினான்கு வயதில் உடைந்துவிடும். பயிற்றுவித்த உழைப்பெல்லாம் ஓரிரு ஆண்டில் வீணாயிற்று. இதற்கு மாற்றாக, குரல் உடையும் பருவத்துக்கு முன்பே சிறுவர்களை ஆண்மை நீக்கிப் பாடகர்களாக வளர்க்கும் கொடுமை இத்தாலியில் வேரூன்றியது. 1589இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் புனித பேதுரு பேராலயப் பாடற்குழுவைச் சீரமைத்தபோது அத்தகைய பாடகருக்கும் அதில் இடம் தந்தார். பெண்ணின் வாயை மூடியதற்காகச் சிறுவனின் உடல் விலையாகக் கொடுக்கப்பட்டது என்பதைவிட வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவ்வகைப் பாடகருள் கடைசியாக அறியப்பட்டவர் அலெசாந்திரோ மொரெஸ்கி. 1883 முதல் சிஸ்டைன் சிற்றாலயப் பாடற்குழுவில் பாடியவர், 1922இல் இறந்தார். 1902லும் 1904லும் உரோமையில் அவருடைய குரல் இசைத்தட்டில் பதிவு செய்யப்பட்டது. நான் அதைக் கேட்டிருக்கிறேன். பழைய பதிவின் கரகரப்புக்கு ஊடே வரும் அந்தக் குரல் ஆணுடையதுமன்று, பெண்ணுடையதுமன்று, குழந்தையுடையதுமன்று. ஒருமுறைக்கு மேல் என்னால் கேட்க இயலவில்லை.

நம் பாட்டிமார் பத்திநாதர் என்று அழைத்த திருத்தந்தை பத்தாம் பயஸ், 1903இல் திருவழிபாட்டு இசையைச் சீர்திருத்தி ஒரு மடல் வெளியிட்டார். ஆப்பரா மேடையின் ஆடம்பரம் ஆலயத்துள் புகுந்திருந்ததை அகற்றி, கிரகோரியன் பாடலுக்கு மீண்டும் முதலிடம் தந்த மடல் அது. நன்மைகள் பல செய்தது. ஆயினும் பாடற்குழுவினர் ஆற்றுவது உண்மையான வழிபாட்டுப் பணி என்றும், அப்பணிக்குரியவர்கள் அல்லர் ஆதலால் பெண்களைப் பாடற்குழுவில் சேர்த்தல் ஆகாது என்றும், உயர்குரல் தேவையானால் பண்டை வழக்கப்படி சிறுவரைக் கொண்டே பாடுவிக்க வேண்டும் என்றும் அதில் விதிக்கப்பட்டது. மடலில் இடப்பட்ட நாள் நவம்பர் 22. இசைக்குப் பாதுகாவலியாக நாம் வணங்கும் புனித செசிலியாவின் திருநாள் அது! ஒரு பெண்ணின் திருநாளில் பெண்களுக்குப் பாடற்குழுவின் கதவு சாத்தப்பட்டது. செசிலியாவின் வரலாற்றை எழுதியவர்களோ, மணவிழாவில் வாத்தியங்கள் முழங்கியபோது அவர் தம் உள்ளத்துக்குள்ளேயே இறைவனைப் பாடினார் என்றுதான் சொல்கின்றனர். இசையின் பாதுகாவலியே வாய்விட்டுப் பாடவில்லை.

விதி ஒன்று, நடைமுறை வேறு என்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. கன்னியர் மடங்களில் அருள்சகோதரிகள் பாடினர். அவர்கள் நடத்திய பள்ளிகளில் சிறுமியர் பாடினர். ஆயரும் குருக்களும் கண்டும் காணாதவராய் இருந்தனர். 1955 கிறிஸ்து பிறப்பு விழாவன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல், சிறுவர் குழு கிடைக்காத இடங்களில், பீடப் பகுதிக்கு வெளியே, ஆண்களும் பெண்களும் தனித்தனியே நின்று பாட இசைவு தந்தது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கமும், அதைச் செயல்முறைப்படுத்த 1967இல் வந்த இசை பற்றிய ஏடும் எஞ்சிய தடைகளை நீக்கின. சிஸ்டைன் சிற்றாலயத்தில் அந்தப் பாடற்குழுவோடு சேர்ந்து ஒரு பெண் பாடியது 2017இல்தான். பாடியவர் இத்தாலியப் பாடகி செசிலியா பார்த்தோலி. பெயரைக் கவனியுங்கள்.

ஆக, பட்ரீஷியா ரொசாரியோ பிறந்தபோது சங்கம் இன்னும் கூடவில்லை. அவர் சிறுமியாக வளர்ந்தபோது கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன.

பம்பாயின் கத்தோலிக்கச் சமூகம் நம்மைப் போன்றதன்று. அங்குள்ளோரில் பெரும்பகுதியினர் கோவாவிலிருந்து குடியேறியவர்கள். கோவாவில் பதினாறாம் நூற்றாண்டு முதலே பங்கு ஆலயங்களோடு பள்ளிகள் இணைந்திருந்தன. அங்கே மறைக்கல்வியோடு சுரம் படிக்கவும், வயலின் வாசிக்கவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டது. கற்பித்த ஆசிரியரை 'மெஸ்த்ரே' என்று மதித்து அழைத்தனர். அப்பள்ளிகளில் பயின்ற மரபினரே பின்னாளில் பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களை நிரப்பினர். அந்தோணி கொன்சால்வெஸ், செபாஸ்டியன் டிசூசா போன்றோர் இல்லையேல் ஐம்பது, அறுபதுகளின் இந்தித் திரையிசை அப்படி ஒலித்திருக்காது. ஊரின் பங்குப் பள்ளி ஒன்று சுரம் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் நான்கு நூற்றாண்டுக்குப் பின் அது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்! ஆனால் இவர்கள் பெரும்பாலும் வாத்தியக்காரர்கள். ஏறத்தாழ அனைவரும் ஆண்கள். அறுபதுகளில் பம்பாயில் ஆப்பராக்கள் சில மேடையேறியபோது தலைமைப் பாத்திரங்களைப் பாடிய சீலியா லோபோ என்ற அம்மையார் ஓர் அரிய விதிவிலக்கு. அவரும் பின்னர் பலருக்குக் குரல் பயிற்சி அளித்தார்.

ரொசாரியோ இளம் வயதில் இங்கிலாந்து சென்று, லண்டனில் உள்ள கில்ட்ஹால் இசை நாடகப் பள்ளியில் பயின்றார். அங்கே தங்கப் பதக்கம் பெற்றார். மேகி டெய்ட் என்ற பழம்பெரும் ஆங்கிலப் பாடகியின் பெயரால் வழங்கப்படும் பரிசையும் வென்றார். ஆப்பரா அரங்குகளிலும் கச்சேரி மேடைகளிலும் மோட்சார்ட்டும் ஹாண்டலும் பாடினார். இவற்றையெல்லாம் விரிக்கத் தேவையில்லை. நன்கு பயின்ற பல பாடகியர் இவ்வளவும் செய்கின்றனர். அவருடைய வாழ்வைத் தனித்துக் காட்டியது ஒரு சந்திப்பு.

ஜான் டாவனர் என்ற ஆங்கில இசையமைப்பாளர் 1977இல் கீழைத் திருச்சபையான ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தவர். இளவரசி டயானாவின் இறுதிச் சடங்கு 1997 செப்டம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நடந்தபோது, பெட்டியைத் தூக்கிச் செல்கையில் பாடற்குழு பாடிய இசை இவருடையது. தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானோர் கேட்டனர். மேற்கத்திய இசை தன்னைக் காட்டிக்கொள்ளும் இசையாகிவிட்டது, திருச்சபையின் தொடக்க கால இசையோ செபமாக இருந்தது என்பது இவருடைய உறுதியான கருத்து. பைசாந்திய மரபில் வரும் நுண்ணிய சுரங்களையும் அசைவுகளையும் பாடக்கூடிய குரலைத் தேடியவருக்கு ரொசாரியோவின் குரல் கிடைத்தது. அந்தக் குரலை மனத்தில் கொண்டே முப்பதுக்கும் மேற்பட்ட படைப்புகளை அவர் எழுதினார். ஓர் இசையமைப்பாளர் ஒரே பாடகிக்கென்று இத்தனை எழுதுவது அரிது. எஸ்தோனியா நாட்டின் ஆர்வோ பேர்ட்டும் ரொசாரியோவுக்காக எழுதியிருக்கிறார்.

இவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது 'எகிப்தின் மரியா'. 1992இல் இங்கிலாந்தின் ஆல்ட்பரோ இசை விழாவில் அரங்கேறியது. தலைமைப் பாத்திரத்தைப் பாடியவர் ரொசாரியோ. பாடல் வரிகளைத் தந்தவர் அன்னை தெக்லா என்ற ஆர்த்தடாக்ஸ் மடத்துத் தலைவி. டாவனர் இதை ஆப்பரா என்று சொல்லவில்லை. இசையாலும் நடனத்தாலும் வரைந்த ஒரு திருப்படம் என்றே சொன்னார்.

எகிப்தின் புனித மரியாவைப் பற்றி நம் பங்குகளில் அதிகம் பேசுவதில்லை. ஏழாம் நூற்றாண்டில் எருசலேமின் தந்தையாக விளங்கிய சொப்ரோனியுஸ் பெயரால் வழங்கும் வரலாறு அது. பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு அலெக்சாந்திரியா நகருக்கு ஓடி, பதினேழு ஆண்டுகள் தன் உடலைத் தன் விருப்பப்படி வாரியிறைத்து வாழ்ந்த பெண். வேடிக்கையாகவே திருப்பயணிகளோடு கப்பலேறி எருசலேமுக்குப் போகிறாள். திருச்சிலுவை விழாவன்று கூட்டத்தோடு ஆலயத்துள் நுழைய முயல்கிறாள்; கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வாசலிலேயே அவளைத் தடுத்து நிறுத்துகிறது. எல்லாரும் உள்ளே போகிறார்கள். அவளால் மட்டும் இயலவில்லை. மூன்று, நான்கு முறை முயன்று தோற்று, முற்றத்தின் மூலையில் ஒதுங்கி அழும்போது, மேலே இறையன்னையின் திருப்படம் கண்ணில் படுகிறது. அங்கே மன்றாடிய பின் வாசல் வழிவிடுகிறது. அதன்பின் யோர்தானைக் கடந்து பாலைநிலம் சென்று நாற்பத்தேழு ஆண்டுகள் தனித்து வாழ்கிறாள். தம் துறவு வாழ்வில் இனிக் கற்க ஏதுமில்லையோ என்று எண்ணியிருந்த சோசிமாஸ் என்ற குரு அங்கே அவளைக் காண்கிறார். வெயிலில் கறுத்து, முடி வெளுத்த ஓர் உருவம். அவரைப் பெயர் சொல்லி அழைத்து, போர்த்திக்கொள்ள அவருடைய மேலாடையைக் கேட்கிறாள். யார் யாருக்கு ஆசி வழங்குவது என்று இருவரும் தரையில் விழுந்து கிடக்கிறார்கள். அடுத்த ஆண்டு பெரிய வியாழனன்று அவர் கையிலிருந்து நற்கருணை பெறுகிறாள். அதற்கடுத்த ஆண்டு வந்தபோது அவள் இறந்து கிடந்தாள். குழி தோண்ட ஒரு சிங்கம் உதவியது என்கிறது வரலாறு.

ஆலய வாசலில் தடுக்கப்பட்ட பெண். படிக்கவும் துறக்கவும் வழிபடவும் கற்றிருந்த குரு அவளிடம் கற்கிறார். இக்கதையை ஒரு பெண் துறவி எழுத, நம் நாட்டுப் பெண் ஒருவர் பாடுகிறார். நான் இதைப் பதிவில் கேட்டபோது, 1903ஆம் ஆண்டு மடலும் மொரெஸ்கியின் இசைத்தட்டும் என் நினைவுக்கு வந்தன. டாவனர் அவற்றை எண்ணி எழுதினார் என்று நான் சொல்லவில்லை. கேட்கிறவனின் நினைவு தானே போகும் வழி அது.

2003இல் டாவனரின் மிகப் பெரிய படைப்பு லண்டனின் டெம்பிள் ஆலயத்தில் நிகழ்ந்தது. 'ஆலயத் திரை' என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். இரவு தொடங்கி ஏறக்குறைய ஏழு மணி நேரம், விடியும் வரை. எட்டுச் சுற்றுகள், ஒவ்வொரு சுற்றும் முன்னதைவிட உயர்ந்த சுருதியில் எழும். கிறிஸ்தவ செபங்களோடு பிற சமயங்களின் சொற்களும், உபநிடதப் பாடலும்கூட அதில் வருகின்றன. இதை இறையியல் நோக்கில் எல்லாரும் ஏற்பதில்லை; எனக்கும் சில இடங்களில் தயக்கம் உண்டு. ஆயினும் விடிய விடியக் கண்விழித்துக் கேட்பது நமக்கு அந்நியமா? பாஸ்கா நாடகத்தையும் தெருக்கூத்தையும் நம் மக்கள் அப்படித்தானே பார்த்தார்கள்! லண்டன்காரர்களுக்கு அது புதுமை. அங்கே சொப்ரானோ பகுதியைப் பாடிய இந்தியப் பெண்ணுக்கு அது அவ்வளவு புதுமையாக இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன். 2001இல் பிரித்தானிய அரசு அவருக்கு ஓ.பி.இ. விருது அளித்திருந்தது. டாவனர் 2013 நவம்பரில் காலமானார்.

பாடகியின் வரலாறு இங்கேயே முடிந்திருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன்.

லண்டனில் ராயல் இசைக் கல்லூரியில் குரலிசைப் பேராசிரியராகப் பணியாற்றிய ரொசாரியோ, பியானோ கலைஞரான தம் கணவர் மார்க் ட்ரூப்புடன் 2009இல் இந்தியாவில் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். இந்தியாவுக்குக் குரல் கொடுத்தல் என்பது அதன் பெயரின் பொருள். ஒரு காலத்தில் தாம் எந்தப் பயிற்சியைத் தேடிக் கடல் கடந்தாரோ அந்தப் பயிற்சியை இங்கேயே கொண்டுவந்து தருவது நோக்கம். அக்காலத்தில் பம்பாயில் ஓரளவு வாத்தியப் பயிற்சி இருந்தது. 2006இல் அங்கே இந்திய சிம்பொனி இசைக்குழுவும் தோன்றிவிட்டது. பியானோவுக்கும் வயலினுக்கும் ஆசிரியர் கிடைப்பர், தேர்வு எழுதலாம், சான்றிதழ் பெறலாம். குரலுக்குத்தான் ஆசிரியர் இல்லை. குரல் பிறவியிலேயே வருவது, அதற்கு என்ன பயிற்சி என்ற எண்ணம்! வயலினைக் கீழே போட்டால் உடையும் என்று எல்லாருக்கும் தெரியும். குரல்வளை உடையும் என்று யாரும் நினைப்பதில்லை.

ஆண்டில் பலமுறை அவர்கள் வந்தனர். ஒருமுறை வந்து மேடையில் அறிவுரை கூறிவிட்டுப் போகும் பெரியோர் பலர் உண்டு. அதே மாணவரைச் சில மாதங்களில் மீண்டும் பார்த்து, சென்ற முறை சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்பவர்தான் ஆசிரியர். இவ்வாறு பல நகரங்களில் பயின்றவருள் சிலர் ராயல் கல்லூரிக்கே சென்று படித்துத் தேர்ந்தனர்.

இம்மரபில் ஆசிரியர் முதலில் கற்பிப்பது பாட்டையன்று, மூச்சை. தோள்கள் உயரக் கூடாது. விலாவின் கீழ்ப்பகுதி பக்கவாட்டில் விரிய வேண்டும். உதரவிதானம் இறங்கக் காற்று தானே உள்ளே வரும். இழுத்துத் திணிக்க வேண்டியதில்லை. பிறகு அந்தக் காற்றைப் பிடித்து, சிறிது சிறிதாகச் செலவிட வேண்டும். மாணவரை நிற்க வைத்து, பல்லிடுக்கில் காற்று கசியும் மெல்லிய ஓசையை இருபது, முப்பது எண்ணிக்கை வரை சீராக விடச் சொல்வர். உதடுகளைக் குதிரை கனைப்பதுபோல அதிர வைத்துக்கொண்டே சுரங்களில் ஏறி இறங்கச் சொல்வர், பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் தாடையும் தொண்டையும் இறுகாமல் இருக்க அதைவிட நல்ல வழியில்லை. மேலே ஏறும்போது கழுத்து நரம்பு புடைத்தால் ஆசிரியர் உடனே நிறுத்திவிடுவார். உயர்ந்த சுரம் உரத்த சுரமன்று என்பதை உடலுக்குக் கற்பிக்கவே மாதக்கணக்கில் ஆகும். குழந்தைக்கும் பதின்பருவத்தினருக்கும் இன்னும் கவனம் தேவை. பெண்பிள்ளைகளின் குரலும் அந்தப் பருவத்தில் மாறுகிறது. பையன்களுடையதைப்போல வெளிப்படையாக உடையாததால் நாம் கவனிப்பதில்லை.

இதையெல்லாம் நான் அறிந்தது காலம் கடந்து.

முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில் தறிக்குடும்பத்துச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பில் அவள் முதன்முறை அல்லேலூயாப் பாடியபோது பீடத்தில் நின்றிருந்த நான் அடுத்துச் சொல்ல வேண்டியதை மறந்து நின்றேன். அன்றிலிருந்து எல்லாம் அவள்தான். ஞாயிறு இரு திருப்பலி, திருமணம், அடக்கம், நவநாள் ஒன்பது நாளும், தேர் அன்று தெருவில் கூம்பு ஒலிபெருக்கிக்கு எதிராக. பாடுகிறவளுக்குத் தன் குரலே கேட்காத அந்த ஒலி அமைப்பில், லொம்பார் சொன்னபடியே அவளும் கத்தினாள். கீபோர்டு வாசித்தவர் எடுப்பாக இருக்கட்டும் என்று சுருதியை அரைக்கட்டை ஏற்றினார். அடுத்த ஆண்டு இன்னும் அரைக்கட்டை. அயற்பங்குத் திருவிழாக்களுக்கும் அவளை அனுப்பினேன். அவளுக்குப் பெருமை, அவள் பெற்றோருக்குப் பெருமை, எல்லாரையும்விட எனக்கு.

"சாமி, மேல போனா சத்தம் கீறுதுங்க" என்று ஒருநாள் சொன்னாள். "பனங்கற்கண்டும் மிளகும் வாயில போட்டுக்க, சரியாப் போயிடும்" என்றேன். இருமுறை சொன்னாள்; இருமுறையும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை அவள் சொல்லவில்லை. அந்த ஆண்டுப் பாஸ்கா இரவில் புகழுரைக்குப் பின் வந்த பாடலில் குரல் பாதியில் நின்றுவிட்டது. சேலத்தில் மருத்துவர் பார்த்து, குரல்நாண்களில் முடிச்சுகள் விழுந்திருப்பதாகச் சொன்னார். கைவேலை செய்கிறவனின் உள்ளங்கையில் காய்ப்பு விழுவதுபோலத்தான் அது. ஓய்வும் பயிற்சியும் தந்தால் பெரும்பாலும் ஆறிவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் உடனே காட்டியிருக்க வேண்டும் என்றார் அவர். அவள் கம்மலோடு இரண்டு ஆண்டுகள் பாடியிருந்தாள். குரல்பயிற்சி தருவோரிடம் வாரந்தோறும் போய்வர அந்தக் குடும்பத்துக்கு இயலவில்லை. நானோ மாற்றலாகி வேறு பங்குக்குப் போய்விட்டேன்.

செபத்தில் அவள் முகம் வரும்போதெல்லாம் நான் எனக்குச் சாதகமாக ஒன்று சொல்லிக்கொள்வதுண்டு: நான் தீங்கு நினைத்துச் செய்யவில்லை. உண்மைதான். சிக்ஸ்துஸ் திருத்தந்தையும் இறைவனின் புகழுக்காகத்தான் பாடற்குழுவைச் சீரமைத்தார். ஒப்பீடு மிகையெனச் சிலர் கருதலாம். பாடும் பிள்ளையின் உடலைப் பற்றி ஒரு கணமும் எண்ணாமல் குரலை மட்டும் கேட்டு மகிழ்ந்தோம் என்ற அளவில் ஒப்பீடு பொருந்துகிறது. பெண்கள் பாடக் கூடாது என்ற காலம் போய்விட்டது. நம் பங்குகளில் இன்று பாடுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகளே. கதவைத் திறந்துவிட்டோம். உள்ளே வந்தவளுக்கு ஓர் ஆசிரியரைத் தந்தோமா? கோவாவின் மெஸ்த்ரேவைப்போல ஒருவரை எந்தப் பங்கின் வரவு செலவுக் கணக்கில் காண முடிகிறது? ஒலிபெருக்கிக்கு எவ்வளவு, கீபோர்டுக்கு எவ்வளவு என்று என் கணக்குப் புத்தகங்களிலேயே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் திருமண ஓலை வாசிக்கச் சென்ற இடத்தில் அவளைப் பார்த்தேன். இரு பிள்ளைகளின் தாய். பேச்சுக் குரல் சற்றுத் தடித்து, அடிக்கடி செருமிக்கொண்டு பேசினாள். நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. அவளாகவே, "பாட்டெல்லாம் விட்டுப்போச்சுங்க சாமி" என்றாள். அன்று மாலை பாடற்குழு ஒத்திகை நடந்தது. அவளுடைய மூத்த மகளும் அதில் நின்றாள். அவள் கடைசிப் பலகையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சரணத்தில் மேலே ஏறும் இடம் வந்தபோது சிறுமியின் கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு அது தெரியும் முன்பே அவள் எழுந்து கீபோர்டு அருகில் போய்விட்டாள்.

"அண்ணா, ஒரு கட்டை எறக்கிக்குங்க" என்றாள்.

எடுப்பாக இருக்காதே என்றார் அவர். பரவாயில்லைங்க, எறக்குங்க என்றாள். இறக்கிய சுருதியில் பிள்ளைகள் மீண்டும் தொடங்கினார்கள்.